இன்ஜின் ஆறட்டும்

மார்ச் 4, செவ்வாய்

வாங்கப்போகிறவர்களுக்காக இன்று இரண்டு பழைய கார் பரிசோதித்தேன். முதலாவது மூன்று வருடம் டாக்சியாக ஓடிவிட்டு, "டீச்சர் ஒருத்தங்க ஓட்டினது" என்று விற்பனைக்கு வந்திருக்கிறது. பிரேக் பெடல் ரப்பர் தேய்ந்து வழவழவென்று கிடக்கிறது. எந்த டீச்சர் அப்படி மிதித்தாளோ! இரண்டாவது பரவாயில்லை. இரண்டு ரிப்போர்ட்டும் மதியத்துக்குள் அனுப்பிவிட்டேன்.

சாயங்காலம் ஒரு போன். பேங்கில் வேலை செய்கிறவராம், மரியாதையான குரல். "என் மாமனார் ரிட்டையர் ஆயிட்டார் மேடம். பழைய ஜெர்மன் கார், நல்லா வேகமா போறது, ஒண்ணு வாங்கியே ஆகணும்னு ஒத்தக்கால்ல நிக்கிறார். ரெண்டு வண்டி பார்த்து வச்சிருக்கோம். எதை நம்பி வாங்கலாம்னு நீங்கதான் சொல்லணும்."

என் வழக்கமான பாட்டைப் பாடினேன். அந்த ரக வண்டிகள் கெட்ட வண்டிகள் இல்லை. கவனிக்காமல் விட்டதுதான் கெட்ட வண்டி. ஆயிலை ஒழுங்காக மாற்றியிருந்தால் இரண்டு லட்சம் கிலோமீட்டர் ஓடினாலும் சிரித்துக்கொண்டு போகும். மாற்றாமல் ஏமாற்றியிருந்தால் உள்ளே இருக்கிற டைமிங் செயின் தளர்ந்துவிடும். அப்புறம் ஒரு நாள் நடுரோட்டில் உட்காரும். கண்டுபிடிக்க ஒரே வழிதான்: நன்றாக ஆறிக் கிடக்கிற இன்ஜினைக் காலையில் முதல் தடவை ஸ்டார்ட் செய்யும்போது பக்கத்தில் நிற்க வேண்டும். முதல் மூன்று விநாடியில் தளர்ந்த செயின் கடகடவென்று உண்மையைச் சொல்லிவிடும். சூடான பிறகு எல்லா இன்ஜினும் உத்தமர் வேஷம் போடும்.

"அதனால நான் வர்ற வரைக்கும் யாரும் சாவியைத் தொடக்கூடாது. பானெட் சூடா இருந்தா திரும்பிப் போயிடுவேன்."

"மாமனாருக்கும் இதெல்லாம் அத்துப்படி மேடம். பெரிய ஒர்க்‌ஷாப்ல மேனேஜரா இருந்தவராச்சே."

எந்த ஒர்க்‌ஷாப் என்று கேட்டேன். சொன்னார்.

சனிக்கிழமை வருகிறேன் என்று சொல்லி வைத்துவிட்டேன். ஒன்பது வருடத்துக்கு முன் நான் வேலை பார்த்த அதே இடம்.

மார்ச் 5, புதன்

சீல் சார்.

அந்த மேனேஜரை நாங்கள் எல்லாரும் அப்படித்தான் கூப்பிடுவோம், அவர் காதில் விழாமல். மேஜை டிராயரில் ஒரு சீல், ஒரு ஊதா மைப்பெட்டி. வண்டி வரும், கழுவித் துடைத்து நிற்கும், ஆயில் மாற்றியதாகப் பில் போகும், சர்வீஸ் புக்கில் சீல் விழும், பக்கத்தில் அவருடைய கொக்கி போட்ட சுருக்கெழுத்து. ஆயில் மட்டும் மாறியிருக்காது. அது பின்வாசல் வழியாக வேறு எங்கோ போய்விடும். நான் முன்மேஜையில், எந்த வண்டிக்கு என்ன வேலை என்று ஜாப் கார்டு எழுதிக்கொண்டிருந்தவள். இரண்டு தடவை கேட்டேன். "உன் வேலையைப் பாரும்மா" என்றார். மூன்றாவது தடவை கேட்பதற்குள், எங்களிடம் சர்வீஸ் செய்த ஒரு டாக்டரம்மாவின் கார் நடுவழியில் நின்றுவிட்டது.

நெடுஞ்சாலையில் உச்சி வெயிலில் மூன்று மணி நேரம். பின்சீட்டில் நடக்க முடியாத அவருடைய அம்மா. மறுநாள் டாக்டரம்மா வந்து சத்தம் போட்டபோது சீல் சார் என்னைக் கை காட்டினார். "ஜாப் கார்டுல ஆயில்னு எழுத மறந்துட்டா. நான் என்ன பண்றது?" நான் எழுதியிருந்தேன். அந்தக் கார்டு ஃபைலில் இல்லை. "உங்க மறதிக்கு எங்கம்மா உயிர் போயிருந்தா?" என்று அத்தனை பேர் முன்னால் அந்த அம்மா கேட்டார். ஒரு மெக்கானிக்காவது வாயைத் திறக்கவில்லை.

அன்றோடு வேலை போனது. இரண்டு வருடம் எந்த ஒர்க்‌ஷாப்பும் வாசலில் கூட நிற்க விடவில்லை. ஒன்பது வருடம் ஆகிறது, ஸ்பேர் பார்ட்ஸ் கடைக்காரர் இன்றைக்கும் என்னை "மறதி அக்கா" என்றுதான் கூப்பிடுகிறார். பாவம், அது செல்லப்பெயர் என்று நினைத்துக்கொண்டிருக்கிறார். எங்கிருந்து வந்தது என்று அவருக்குத் தெரியாது.

எனக்குத் தெரியும். எல்லாம் ஞாபகம் இருக்கு. அந்த ஆள் ஒரே ஒரு தடவை என் கையில சிக்கினா போதும்னு கறுவிக்கிட்டு இருந்தேன். சிக்கிட்டான்.

மார்ச் 8, சனி

முதலில் சாம்பல் நிற வண்டி. மேப் வரைகிற ஆபீஸில் வேலை பார்ப்பவர் வைத்திருக்கிறார். ஒரு லட்சத்து எழுபதாயிரம் ஓடியிருக்கிறது. டிரைவர் சீட்டின் ஓரம் நைந்து போயிருக்கிறது. சர்வீஸ் புக்கில் ஐந்து வருடமாக ஒரு சீல் கூட இல்லை. ஆனால் ஒரு செருப்புப் பெட்டியைக் கொண்டுவந்து வைத்தார். ஒவ்வொரு ஆயிலுக்கும் பில், ஒவ்வொரு பில்லின் முதுகிலும் கிலோமீட்டர், தேதி, "நானே பக்கத்தில் நின்றேன்" என்று பென்சிலில் எழுதியிருக்கிறது. பானெட் சில்லென்று இருந்தது. ஸ்டார்ட் செய்தோம். சின்ன உறுமல், அவ்வளவுதான். இதைத்தான் வாங்க வேண்டும்.

சீல் சார் இதைப் பார்க்கவே வரவில்லை. "அவ்வளவு ஓடின வண்டியை எதுக்குப் பார்க்கணும்னு சொல்லிட்டார்" என்றார் போனில் பேசிய அந்த மாப்பிள்ளை.

அடுத்தது நீலம். கண்ணாடிக் கடைக்காரர் ஒருவருடையது. அறுபதாயிரம்தான் ஓடியிருக்கிறது. அகலமான டயர், சிவப்பு பிரேக், நான்கு புகைக்குழாய். அதைச் சுற்றிச் சுற்றி வந்துகொண்டிருந்தார் சீல் சார். தலை நன்றாக நரைத்துவிட்டது. என்னைப் பார்த்ததும் முகம் மலர்ந்துவிட்டது, அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

"அடடே, நீயா! இன்னும் இந்த லைன்லதான் இருக்கியாம்மா? சந்தோஷம்!" மாப்பிள்ளையிடம் திரும்பி, "நம்மகிட்ட வேலை கத்துக்கிட்ட பொண்ணுதான். கெட்டிக்காரி. கொஞ்சம் ஞாபக மறதி, அவ்வளவுதான்" என்று சிரித்தார்.

கிண்டல் இல்லை. அவர் அதை நிஜமாகவே நம்புகிறார். சொன்ன பொய்யைச் சொன்னோம் என்பதே அந்த மனுஷனுக்கு நினைவில்லை!

பானெட்டில் கை வைத்தேன். சூடு.

"காலையில பெட்ரோல் போடப் போனேன்" என்றார் கண்ணாடிக்காரர், நான் கேட்பதற்கு முன்னாலேயே. அந்த அவசரம் போதும் எனக்கு. பையை எடுத்துக்கொண்டு கிளம்பியிருக்க வேண்டும். எத்தனையோ பேரிடம் கிளம்பியிருக்கிறேன். இன்று கையை எடுத்துக்கொண்டேன், வாயைத் திறக்கவில்லை.

சீல் சாரும் தொட்டுப் பார்த்திருக்கலாம். முப்பது வருடம் அதே தொழில். ஆனால் அவர் கையில் சர்வீஸ் புக் இருந்தது. "பாரும்மா, முதல் மூணு சர்வீஸும் நம்ம ஒர்க்‌ஷாப் சீல்! இதுக்கு மேல என்ன வேணும்? ஓடினதும் கம்மி, கண்ணை மூடிக்கிட்டு வாங்கலாம்."

மூன்று ஊதா சீல். மூன்று கொக்கி. எத்தனை வண்டிக்குப் பொய் சீல் போட்டோம், எதற்கு நிஜ சீல் போட்டோம் என்று அவருக்கே கணக்கில்லை. தன் சீலைத் தானே நம்புகிறார்!

புக்கில் எழுதியிருக்கிற பழைய நம்பர் இல்லை, நம்பர் பிளேட் மாறியிருக்கிறது. வண்டிச் சட்டத்தில் பொறித்த சேசிஸ் நம்பர் மாறாதே. கடைசி நான்கு இலக்கம் 7716. குறித்துக்கொண்டு வந்தேன்.

மார்ச் 9, ஞாயிறு

பரண் மேல் இருந்த பழைய டைரிகளை இறக்கினேன். அந்த நாட்களில் தினமும் எழுதுவேன், யாரிடமும் சொல்ல முடியாததால்.

"7716. நீலம். ஆயில் மாற்றவில்லை. சீல் வைத்தாயிற்று." அடுத்த வருடம்: "7716 மறுபடி. கழுவினார்கள், அவ்வளவுதான். சீல்." மூன்றாவதும் இருக்கிறது.

வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருந்தது. உட்கார்ந்து ரிப்போர்ட்டை எழுதினேன். ஆறிய நிலையில் ஸ்டார்ட்: சத்தம் இல்லை. சர்வீஸ் வரலாறு: முழுமையாக உள்ளது. பரிந்துரை: வாங்கலாம். என் ரப்பர் சீலை எடுத்து அழுத்தி வைத்தேன். நாளைக்கு அனுப்பிவிடுவேன்.

வாங்கட்டும். ரிட்டையர்மெண்ட் ஆசையெல்லாம் அதில் போடட்டும். பொண்ணு, மாப்பிள்ளை எல்லாரையும் ஏத்திக்கிட்டு போகும்போது நிக்கட்டும். வெயில்ல.

மார்ச் 10, திங்கள்

காலைச் சாப்பாட்டின்போது என் வீட்டுக்காரர் ரிப்போர்ட்டை எடுத்துப் படித்தார். இவருக்குப் பல்செட் செய்கிற வேலை. மேஜை முழுக்க யார் யாருடைய பற்களோ சிரித்துக்கொண்டிருக்கும். எதையும் உற்றுப் பார்க்காமல் விடமாட்டார்.

"பானெட் சூடா இருந்துச்சுன்னு நேத்து சொன்னே."

"ஆமா."

"இதுல ஆறி இருந்ததா எழுதியிருக்கு."

நான் இன்னொரு இட்லி எடுத்துப் போட்டுக்கொண்டேன்.

"சீலும் வச்சிருக்கே" என்றார். திட்டவில்லை. தட்டை எடுத்துக்கொண்டு கழுவப் போய்விட்டார். திட்டியிருந்தால் நானும் நாலு வார்த்தை கேட்டிருப்பேன்.

அந்த ஆளுக்கு நான் என்ன கடமைப்பட்டிருக்கேன்? சொல்லட்டுமே யாராவது. எனக்குன்னு ஒரு தடவை, ஒரே ஒரு தடவை — அதுவும் கூடாதா?

மார்ச் 11, செவ்வாய்

இவர் சொன்னது சரி. அதனாலேயே இவரோடு பேசவில்லை.

மார்ச் 12, புதன்

என் சீல் என்ன நிறம் என்று இன்றுதான் கவனித்தேன். ஊதா.

ரிப்போர்ட்டைக் கிழித்துப் போட்டேன். மாப்பிள்ளைக்குப் போன் செய்து சொன்னேன்: "சனிக்கிழமை பானெட் சூடா இருந்துச்சு சார். நான் திரும்பிப் போயிருக்கணும், போகலை. தப்பு என்னோடது. இந்த வாரம் மறுபடி பார்க்கிறேன், அதுக்குத் தனியா பணம் வேண்டாம்."

ஆனால் அவரை விட்டுவிட்டேன் என்று அர்த்தமில்லை. இவருக்கும் அதைச் சொன்னேன். "விடச் சொல்லி யார் சொன்னா?" என்றார். "உண்மையைச் சொல்லியே அடி." மூன்று நாளுக்குப் பிறகு இன்றுதான் சிரித்தேன்.

மார்ச் 15, சனி

முழுக்க எழுதி வைக்க வேண்டும். ஒரு வார்த்தை விடக்கூடாது.

காலை ஆறரை. கண்ணாடிக்காரருக்கு முன்கூட்டியே சொல்லாமல் வாசலில் போய் நின்றோம்: நான், சீல் சார், மாப்பிள்ளை. பானெட் சில்லென்று இருந்தது. சாவியைத் திருப்பச் சொன்னேன்.

டப்பாவில் ஆணியைப் போட்டுக் குலுக்கின சத்தம். மூன்று விநாடி. பிறகு அடங்கிவிட்டது.

மாப்பிள்ளை பயந்துபோய் என்னைப் பார்த்தார். ஆயில் மூடியைத் திறந்து காட்டினேன். அடியில் கறுப்புப் பசை கெட்டியாக ஒட்டியிருந்தது. "செயின் தளர்ந்திருக்கு. இன்ஜினை இறக்கித்தான் மாத்தணும். வாங்கறதா இருந்தா அந்தச் சாம்பல் வண்டியை வாங்குங்க. இதை நம்ப முடியாது."

"அதெப்படி?" என்று குதித்தார் கண்ணாடிக்காரர். "முழு சர்வீஸ் ரெக்கார்டு இருக்கு. சீல் இருக்கு!"

இதற்காகத்தான் நான் காத்திருந்தேன். புக்கைப் பிரித்து, சீல் சாரின் முகத்துக்கு நேராகப் பிடித்தேன். "இந்த மூணு தடவையும் ஆயில் மாத்தினாங்களான்னு எனக்குச் சந்தேகமா இருக்கு சார். உங்க கையெழுத்துதானே? நீங்களே சொல்லுங்க."

முகம் வெளிறும், நாக்கு குழறும், மாப்பிள்ளை முன்னால் கூனிக் குறுகி நிற்பார். ஒன்பது வருடமாக இந்தக் காட்சியை மனசுக்குள் ஓட்டி ஓட்டிப் பார்த்தவள் நான்.

அவர் புக்கை வாங்கிப் பார்த்தார். என்னைப் பார்த்தார். காரைப் பார்த்தார். கண்ணில் ஒரு மின்னல். கண்ணாடிக்காரர் தோளில் கை போட்டுக்கொண்டு சொன்னார்:

"தம்பி, என்கிட்டயே சீல் காட்டறீங்களா? இந்த மூணும் சும்மா. நானே வச்சது, எனக்குத் தெரியாதா? அப்பல்லாம் பாதி வண்டிக்கு நாங்க ஆயில் மாத்தவே மாட்டோம். கார்டைக் கிழிச்சுப் போட்டுட்டு சீல் வச்சு அனுப்பிடுவோம். ரெக்கார்டுக்கு மதிப்பே கிடையாது. விலையைப் பாதியாக் குறைங்க."

பேரம்! ஒன்பது வருஷமா நான் கேக்கணும்னு தவிச்ச வார்த்தையை, அந்த ஆள் தள்ளுபடிக்காகச் சொல்றான். வெக்கமில்ல, தயக்கமில்ல. மாப்பிள்ளைக்குத்தான் முகம் சிவந்தது. எனக்கு அந்த இடத்திலேயே அறையலாம் போல இருந்தது.

கண்ணாடிக்காரர் தலையைச் சொறிந்தார். "குறைக்கலாம் சார். ஆனா வண்டி என் சம்சாரம் பேர்ல இருக்கு. வாய்வார்த்தையா சொன்னா நம்ப மாட்டா, என்னை உரிச்சுடுவா. நீங்க சொன்னதை எழுத்துல குடுங்க."

நான் உடனே ரிப்போர்ட் தாளை எடுத்தேன். என் தாளில் அடியில் ஒரு கட்டம் உண்டு: வாங்குபவர், விற்பவர் கூறியவை. அதில் அவர் சொன்னதைச் சொன்னபடி எழுதினேன். ஒர்க்‌ஷாப் பெயர், வருடம், "ஜாப் கார்டைக் கிழித்துவிட்டு சீல் வைப்போம்" வரை. நிறுத்தி நிதானமாகப் படித்துக் காட்டினேன்.

"மாமா, வேண்டாம்" என்றார் மாப்பிள்ளை.

"அட, ஒர்க்‌ஷாப்பையே மூடியாச்சு. யார் கேக்கப் போறா?" என்றபடி பேனாவை வாங்கிக் கையெழுத்துப் போட்டார். கொக்கியோடு. பாதி விலைக்கு நீல வண்டியை முடித்துவிட்டார். செயினை முதலில் மாற்றுங்கள் என்று மூன்று தடவை சொன்னேன், ரிப்போர்ட்டிலும் எழுதினேன். "பார்த்துக்கலாம்மா" என்று தட்டிக் கழித்தார்.

தாளுக்கு மூன்று பிரதி. ஒன்று எனக்கு.

மார்ச் 18, செவ்வாய்

ஸ்பேர் பார்ட்ஸ் கடை. "வாங்க மறதி அக்கா, என்ன வேணும்?" பிரதியைக் கவுண்டரில் வைத்தேன். படித்தார். மறுபடி முதலிலிருந்து படித்தார். அந்தப் பெயர் எங்கிருந்து வந்தது என்று அப்போதுதான் சொன்னேன்.

"ஐயையோ அக்கா, இத்தனை வருஷமா நானும்..." என்று எழுந்து நின்றுவிட்டார். பிறகு கேட்டார்: "போட்டோ எடுத்து நம்ம குரூப்ல போட்டுடவா?"

அந்தக் குரூப்பில் ஊரிலுள்ள மெக்கானிக்குகள் அத்தனை பேரும் இருக்கிறார்கள். போடுங்கள் என்றேன். கொஞ்சமும் யோசிக்கவில்லை. மதியத்துக்குள் பதினொரு போன். அன்றைக்கு வாயைத் திறக்காத மெக்கானிக்குகளில் இரண்டு பேர் அழுதார்கள். அழட்டும்.

டாக்டரம்மாவுக்கும் ஒரு ஜெராக்ஸ் எடுத்துத் தபாலில் அனுப்பினேன்.

ஏப்ரல் 2, புதன்

டாக்டரம்மாவிடமிருந்து ஒரு கவர். மருந்துச் சீட்டுத் தாளிலேயே எழுதியிருக்கிறார். "அன்று நான் உங்களைக் கேட்ட கேள்வி எனக்கு ஞாபகம் இருக்கிறது. கேட்டிருக்கக் கூடாது." டாக்டர் கையெழுத்தென்றாலும் எழுத்துக்கு எழுத்து புரிகிறது. இவரிடம் காட்டினேன்.

ஏப்ரல் 19, சனி

நீல வண்டி சிக்னலில் என்னைக் கடந்து போனது. நான்கு குழாயும் முழங்க. பார்க்க அழகாகத்தான் இருக்கிறது, பாவி.

மே 20, செவ்வாய்

பதினொரு மணிக்குப் போன். சீல் சார்.

"ஆயில் லைட் எரிஞ்சுது, நின்னுடுச்சும்மா. புறவழிச்சாலையில நிக்கிறேன். தெரிஞ்ச மெக்கானிக் எவனும் போனை எடுக்க மாட்டேங்கிறான். எடுத்த ஒருத்தனும் சிரிச்சுட்டு வச்சுட்டான்."

"செயின் மாத்தினீங்களா சார்?"

"இல்லை."

"சாவியைத் தொடாம உக்காருங்க. ஆறணும். ஆறாம நான் பார்க்கிறதில்லை, உங்களுக்கே தெரியும்."

"எவ்வளவு நேரம் ஆகும்?"

"மூணு மணி நேரம்."

முக்கால் மணி போதும். அது அவருக்கும் தெரிந்திருக்க வேண்டும். "சரிம்மா" என்றார்.

நிதானமாகச் சமைத்தேன். இரண்டாம் தடவை சாதம் போட்டுக்கொண்டேன். இவர் கடிகாரத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். சரியாக இரண்டு மணிக்குப் போய் இறங்கினேன்.

நிழல் இல்லாத இடம். கார் கதவைத் திறந்து போட்டு, கைப்பிடிச் சுவர் மேல் உட்கார்ந்திருந்தார். சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. தண்ணீர் பாட்டிலை நீட்டினேன். பாதியைக் குடித்துவிட்டுச் சொன்னார்:

"வேணும்னுதானே பண்ணே."

"ஆமா சார்."

"அந்த டாக்டரம்மா... அவங்களும் மூணு மணி நேரம்தான் நின்னாங்க, இல்ல?"

ஞாபகம் இருக்கிறது. இத்தனை நாளும் இருந்ததா, இன்றைக்கு வெயிலில்தான் வந்ததா? கேட்கவில்லை. எனக்குப் பதில் தேவைப்படவில்லை. தேவைப்படாதது எனக்கே ஆச்சரியம்.

"அவங்க அம்மாவும் கூட இருந்தாங்க" என்றேன். தலையைக் குனிந்துகொண்டார்.

ஆயில் குச்சியை உருவிப் பார்த்தேன். நுனியில் கூட ஒட்டவில்லை. என் வண்டி டிக்கியிலிருந்து ஆயில் கேனை எடுத்து வந்து ஊற்றினேன். ஸ்டார்ட் செய்ததும் ஆணி டப்பா நீளமாகக் குலுங்கியது, ஆனால் ஓடியது. முப்பதுக்கு மேல் போகாமல் நேராக ஒர்க்‌ஷாப்புக்குக் கொண்டு போகச் சொன்னேன். எந்த ஒர்க்‌ஷாப் என்று கேட்டார். வண்டியை எடுத்துக்கொள்ளும்படி ஒரு இடத்துக்கு நானே போன் செய்து பேசினேன்.

கிளம்பும்போது சர்வீஸ் புக்கை நீட்டினார். பழக்கம். மூன்று ஊதா சீலுக்குக் கீழே காலிக் கட்டம். என் பையில் ரப்பர் சீல் இருந்தது, எடுக்கவில்லை. பேனாவால் எழுதிக் கையெழுத்துப் போட்டேன்:

மே 20. இரண்டு லிட்டர் ஊற்றினேன். ஆயில் மாற்றவில்லை. சத்தம் இன்னும் இருக்கிறது.